மூன்றாம் ஓலை

ராயப்பன்பட்டி
28.4.2025

அன்புள்ள மருமகள் பெனிஷாவுக்கு,

சேசுவுக்கு ஸ்தோத்திரம். மாமா இருதயம் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் பொறுத்துக்கொள். ஓர் எழுத்து பூசணிக்காய் மாதிரியும் அடுத்தது மிளகு மாதிரியும் விழுகிறது. வரி நேராகத்தான் தொடங்குகிறது, பாதியில் மலையேறிவிடுகிறது. நான் பேனாவை மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறேன் என்று எழுத்தறிவு வகுப்பு பாண்டியம்மாள் டீச்சர் சொல்கிறார். ஆனாலும் பரீட்சையில் பாஸ் போட்டுவிட்டார். எழுபத்தொரு வயதில் பாஸ்! வகுப்பிலிருந்து வீடு வருகிற வழியில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் நின்று வாசித்துக்கொண்டு வந்தேன். யார் வீட்டுக் காதுகுத்து என்று தெரியாமலே எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் கடிதம் உனக்குத்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். “போனு சும்மாத்தான கெடக்கு, தபால் எதுக்கு?” என்று உன் அத்தை கேட்கிறாள். போனில் நீ ‘சரிங்க மாமா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நாலு வரியாவது எழுதித்தானே ஆகவேண்டும்.

உன் மகள் அனிதா மேரி சுகம். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று, எட்டாத குலையைத் தனக்குப் பிடிக்காது என்கிறாள். அப்படியே அவள் அப்பன் பிரவீன் பேச்சு.

நீ கோயம்புத்தூர் போவதற்கு முன் பங்குச் சாமியாரிடம் கல்யாண அறிவிப்பு ஓலை எழுதிக் கொடுத்தோமே, அதை மே மாதம் 11, 18, 25 மூன்று ஞாயிறும் பூசையில் வாசிப்பார்கள். 28 புதன்கிழமை கல்யாணம். பிரவீன் போய் இரண்டு வருடமாக இந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் நடக்கவில்லை. மூத்தவனை இழந்த வீட்டில் இளையவன் பெனடிக்ட்டுக்கே உன்னைக் கட்டிவைத்தால், நீயும் பிள்ளையும் எங்கும் போகாமல் எங்களோடேயே இருப்பீர்கள். ஆண்டிபட்டியிலிருந்து உன் அண்ணனும் சம்மதம் சொல்லிவிட்டார். பெனடிக்ட் கல்யாணத்துக்காக மேற்கு அறைக்கு வெள்ளை அடிக்கப் போகிறான்.

உன் படிப்புக்கு மென்திறன் பயிற்சி என்று பெயராமே. அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? “மெதுவாப் பேசச் சொல்லிக் குடுக்காகளா? அவ பேசுறதே காதுல விழமாட்டேங்குது” என்கிறாள் அத்தை.

பதில் போடு. நானே வாசிப்பேன்.

இருதயம்

*

கோயம்புத்தூர்
3.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி வார்டன் கொடுத்தபோது யாருக்கோ வந்தது என்று நினைத்து வாங்கவே இல்லை. பிறகு உறையில் என் பெயரைப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது மாமா. நிஜமாகவே சொல்கிறேன். என் பெயரை நீங்கள் எழுதி இதுவரை நான் பார்த்ததில்லை.

இங்கே எல்லாரும் சுகம். கோம்பையைச் சேர்ந்த சிம்ரன் என்ற பெண்ணும் நானும் ஒரே அறை. நம் ஊர்ப் பேச்சு பேச ஆள் கிடைத்தது. பயிற்சி கொடுப்பவர் அனுசுயா மேடம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது, அடுத்தவர் பேசி முடிக்கும் வரை கேட்பது, கோபப்படுகிறவரிடம் கோபப்படாமல் பேசுவது, இதெல்லாம்தான் பாடம். வேலைக்கான படிப்பு எல்லாரிடமும் இருக்கிறது, வேலை போவது இது இல்லாததால்தான் என்று மேடம் சொல்வார். மாதக் கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வரவேற்புப் பிரிவுக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

ஓலை தேதிகள் தெரிந்துகொண்டேன். சரிங்க மாமா.

அனிதாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். வெயில் அதிகம்.

பெனிஷா

*

ராயப்பன்பட்டி
12.5.2025

அன்புள்ள பெனிஷாவுக்கு,

உன் கடிதத்தை அத்தைக்கு நானே வாசித்துக் காட்டினேன். நடுவில் எங்கும் தட்டவில்லை. ‘வரவேற்பு’ மட்டும் கொஞ்சம் தட்டியது. அதைச் சொல்லாமல் இருந்தால் பொய்யாகிவிடும்.

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் தாளை எடுத்தார். “இருதயம், மதலேனாள் இவர்கள் மகன் பெனடிக்ட் என்பவருக்கும், காலஞ்சென்ற சகாய பிரவீனின் மனைவி பெனிஷா என்பவருக்கும்” என்று வாசித்தார். என் இரண்டு பிள்ளைகள் பெயரும் ஒரே மூச்சில் வந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் பக்கம் அத்தை முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியாது என்கிறாள். இவர்களுக்குள் தடை ஏதேனும் இருப்பது தெரிந்தால் பங்குக் குருவிடம் அறிவிக்கவேண்டும் என்று சொல்லி முடித்தார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு இதைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் எழுந்து போய்ச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்தால் ஒரே கேலி. “ஏலே பெனடிக்ட்டு, மாப்பிள்ளைக் களை வந்துருச்சுடா, மீசைய ஒதுக்கிவிடு” என்றார்கள். அவன் வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். சின்ன வயதில் திட்டினால் ஓடுவான், இப்போது வாழ்த்தினால் ஓடுகிறான்.

அத்தை உத்தமபாளையத்தில் சேலை எடுத்துவிட்டாள், இளநீலம். ரவிக்கை அளவு கேட்கிறாள். எப்போது வருகிறாய் என்றும் எழுது.

இருதயம்

*

கோயம்புத்தூர்
16.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு மாதிரி நேர்காணல் வைத்தார்கள். அனுசுயா மேடம் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி மாதிரி உட்கார்ந்தார். இரவு வேலைக்கு வருவீர்களா என்றார். சரிங்க மேடம் என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும் என்றார். சரிங்க மேடம். முதல் ஆறு மாதம் சம்பளம் கிடையாது என்றார். அதற்கும் தலையாட்டினேன் மாமா. வகுப்பு முழுவதும் சிரித்தது. “ஏக்கா, நீங்கதேன் மாசாமாசம் எங்களுக்குச் சம்பளம் கட்டணும்னாலும் சரின்னுருவீகளோ?” என்று சிம்ரன் கத்தினாள். நானும் சிரித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. போனில் எடுத்த வீடியோவை எனக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினார். அவர் கேள்வியை முடிப்பதற்கு முன்பே என் தலை ஆடத் தொடங்கிவிடுகிறது. “இது பணிவு இல்லம்மா. நீங்க கேள்வியவே கேக்கல. எதிர்ல இருக்கறவங்க முகம் சுருங்கிடக் கூடாதுங்கற பயம். இந்தப் பயத்தோட வேலைக்குப் போனீங்கன்னா, வேலையும் நிக்காது, நீங்களும் நிக்கமாட்டீங்க” என்றார்.

பிறகு எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தார். இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டிய ஒன்றை, சொல்லாமல் விட்டிருப்பீர்கள். அதை அந்த ஆளிடமே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். சுடிதாரை இரவல் கொடுக்க முடியாது என்று ஒருத்தி தோழிக்குப் போன் செய்தாள். அத்தை மகனுக்கு இனி வாட்ஸ்அப் அனுப்பாதே என்று ஒருத்தி சொன்னாள். நான் என்ன சொல்வது என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.

எழுதிவிட்டேன். கிழிக்கவில்லை.

பெனடிக்ட் நல்ல பிள்ளை. நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையோடு நின்றான். ‘மதினி, சோறு’ என்பான், போட்டுக் கொடுப்பேன். போன வருடம் அத்தை அனிதா அப்பாவின் சட்டைகளை எடுத்து அவனுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கட்டம் போட்ட சட்டையில் ஒருநாள் அவன் கொல்லைப்பக்கம் திரும்பி நின்றிருந்தான். நான் ‘என்னங்க’ என்று கூப்பிட்டுவிட்டேன். அவனும் திரும்பினான், நானும் பார்த்தேன். நீங்கள் கல்யாணப் பேச்சை எடுத்த அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும். ஓலை எழுதிய அன்று சாமியார் கேட்டபோதாவது சொல்லியிருக்கவேண்டும். அத்தை பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தார்கள். தலை ஆடிவிட்டது.

போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

பெனிஷா

*

ராயப்பன்பட்டி
20.5.2025

பெனிஷாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்தின நாள் இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது.

தோட்டத்தில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து வாசித்தேன். உன் நேர்காணல் கதையைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் அந்த வரிக்கு வந்தேன். தப்பாகக் கூட்டி வாசித்துவிட்டேன் என்று நினைத்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக மறுபடியும் வாசித்தேன். மறுபடியும் அதேதான் வந்தது.

எனக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இதை யாரிடம் கொடுத்திருப்பேன், சொல். பெனடிக்ட்டிடம்தான் கொடுத்திருப்பேன். “ஏலே, மதினி என்ன எழுதியிருக்குன்னு வாசிடா” என்று அவன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். எழுத்துக் கற்றதற்கு அவ்வளவு குதித்தேனே, அது இதற்குத்தானா?

எனக்குக் கோபம். கோபத்தைக்கூட எனக்கு வேகமாக எழுத வரவில்லை. ஒரு வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் அது பாதி ஆறிவிடுகிறது, அடுத்த வார்த்தையில் அழுகையாகிவிடுகிறது. ஊரில் இரண்டு முறை உன் பெயரைக் கேட்டுவிட்டார்கள். சேலை எடுத்தாயிற்று. அவன் அறையில் இரண்டு சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறான். போன வாரம் வரை சுவர் பூசத் தெரியாதவன், யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து அடிக்கிறான். நான் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஒன்று சொல்கிறேன். பிரவீன் போனபோது எங்களுக்கு மிஞ்சியது நீயும் அனிதாவும்தான். நீயும் போனால் அவன் இரண்டாவது தடவை போனமாதிரி ஆகும். அத்தையால் தாங்க முடியாது. இன்னும் ஒருமுறை யோசி. மூன்றாம் ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ஊருக்கு வா. நேரில் உட்கார்ந்து பேசுவோம். நேரில் பேசினால் எல்லாம் சரியாகும்.

மாமா

*

கோயம்புத்தூர்
22.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாளைக்குள் கிடைத்துவிடும்.

நேரில் வரமாட்டேன். வந்தால் அத்தை கையைப் பிடிப்பார்கள், நீங்கள் துண்டால் கண்ணைத் துடைப்பீர்கள், அனிதா மடியில் ஏறுவாள். நான் தலையாட்டிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முடியும் வரை ஊருக்கு வரமாட்டேன்.

அவர் இரண்டாவது தடவை போனமாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்துவிட்டுச் சாப்பிடப் போகவில்லை. மாமா, எனக்கும் அவர் போனார். நான் பெனடிக்ட்டைக் கட்டினால் தினமும் போவார்.

இன்னொன்றும் இருக்கிறது. சனிக்கிழமை எனக்கு நேர்காணல். வேலை கிடைத்தால் அனிதாவை ஜூன் மாதம் என்னோடு அழைத்துக்கொள்வேன். இங்கே பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருக்கிறேன். இதை அனுமதியாகக் கேட்கவில்லை மாமா, சொல்கிறேன். இப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கேள்வியாக எழுதினால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நான் சரி என்பேன்.

சாமியாரிடம் நானே போன் செய்து சொல்லவா? உங்களுக்கு அவமானமாக இருக்கும் என்றுதான் பொறுத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை வரை பார்ப்பேன்.

பெனிஷா

*

ராயப்பன்பட்டி
26.5.2025

அன்புள்ள பெனிஷாவுக்கு,

நேற்று மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் போனேன். சாமியார் ஞாயிற்றுக்கிழமைத் தாளை எழுதிக்கொண்டிருந்தார். “ஒரு தடை இருக்கு சாமி” என்றேன்.

“யாரு கல்யாணத்துக்கு?”

“எம் மகன் கல்யாணத்துக்கு.”

“தடை சொல்றது யாரு?”

“நான்தான்.”

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “மாப்பிள்ளைக்குத் தகப்பன் நீரு. நீரே தடை சொல்றீரா? குடிச்சிருக்கீரா?”

“பொண்ணுக்குச் சம்மதமில்ல சாமி.”

“எம் முன்னாலதான தலையாட்டுச்சு?”

“தலைதான் ஆட்டுச்சு. வாயால சொல்லுன்னு நானும் கேக்கல, எம் பொஞ்சாதியும் கேக்கல, நீங்களும் கேக்கல.”

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். தாளில் உங்கள் இருவர் பெயரையும் அடித்தார். “பூசைக்கு வாரும், வராம இருந்துறாதேயும்” என்று மட்டும் சொன்னார்.

அத்தையிடம் சொன்னேன். சேலைப் பையை எடுத்து என் மேல் எறிந்தாள். “ரெண்டு ஞாயிறு ஊரே கேட்டுச்சே, மூணாம் ஞாயிறு என்னாச்சுன்னு கேப்பாகல்ல, நீ போய்ச் சொல்லுவியா?” என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். “அந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாளேய்யா. அதுக்குத்தான நான் இம்புட்டும் பண்ணுனேன்” என்றாள். அவளைக் கட்டிய நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு குரலை நான் கேட்டதில்லை. அனிதா பற்றி நீ எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பெனடிக்ட் மேற்கு அறையில் இருந்தான். உன் கடிதத்தைக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்தபடியே, “சொன்னது யாருப்பா, மதினியா?” என்று கேட்டான். ஓலை எழுதினதிலிருந்து அவன் உன்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை, கவனித்திருக்கிறாயா? அன்றைக்குத்தான் திரும்ப மதினி என்றான். “சரிப்பா, நீங்க போங்க. இந்த ஒரு செவத்த அடிச்சு முடிச்சிருறேன், பாதில விட்டா அசிங்கமா இருக்கும்” என்றான். முடித்தான். இன்று காலை கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். எப்போது வருவான் என்று சொல்லவில்லை.

நேற்றுப் பூசையில் சாமியார் வேறு இரண்டு ஓலைகளை வாசித்தார். நம்முடையது வரவேண்டிய இடத்தில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பிறகு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பீடத்தைப் பார்த்தேன்.

நேர்காணல் என்னவாயிற்று?

மாமா

*

கோயம்புத்தூர்
30.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. ஜூன் பதினாறாம் தேதி சேரவேண்டும்.

அவர்களும் இரவு வேலைக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். தலை ஆடப் பார்த்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “முடியாது சார். எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் ரெண்டும் செய்வேன்” என்றேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் சிம்ரன் என்னைத் தூக்கிச் சுற்றினாள். அனுசுயா மேடம் கைகொடுத்தார்.

எல்லாரும் இனிப்பு சாப்பிட்டார்கள். என் பங்கைச் சிம்ரனிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெரிய மனிதர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதும் வேலை கொடுத்தார்கள். உங்களிடம் சொன்னதற்கு ஒரு வீடே உடைந்துவிட்டது. பெனடிக்ட் சுவரை முடித்துவிட்டுப் போனான் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்து நான் அழுத மாதிரி அவர் போனபோதுகூட அழவில்லை. ஆனாலும் மாமா, சொன்னதைத் திருப்பி வாங்க மாட்டேன்.

நீங்கள் சாமியாரிடம் போனதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி என்று எழுதினால் கடையில் சொல்வது போல இருக்கிறது.

ஜூன் 7 சனிக்கிழமை வந்து அனிதாவை அழைத்துக்கொள்கிறேன். அத்தையிடம் நானே பேசுகிறேன்.

பெனிஷா

*

ராயப்பன்பட்டி
9.6.2025

அன்புள்ள பெனிஷாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அனிதா பஸ்ஸில் வாந்தி எடுத்தாளா? தேனி தாண்டினால் எடுப்பாள்.

நீ வந்து சமையற்கட்டு வாசலில் நின்று அத்தையிடம் பேசியதை நான் முற்றத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “அத்தை, உங்க மேல கோவமில்ல. பெனடிக்ட் மேலயும் இல்ல. எனக்கு வேணாம்னு அன்னைக்கே சொல்லிருக்கணும், சொல்லாதது என் தப்பு. பிள்ளைய லீவுக்கெல்லாம் கூட்டிட்டு வருவேன்” என்றாய். குரல் நடுங்கவில்லை. ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. இந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் உன் குரல் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தோமே! எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது, உன்னிடம் மறைக்கமாட்டேன். அத்தை திரும்பிப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பு எரியவே இல்லை. அது உனக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் புறப்பட்டபோது அவள் கொல்லைப்பக்கமாகத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அனிதா “அப்பாயி எங்க?” என்று கேட்டதற்குக் கடைக்கு என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வந்து அனிதாவின் பாவாடை ஒன்று கொடியில் கிடந்ததைப் பார்த்து, “இத விட்டுட்டுப் போயிட்டாக” என்று எடுத்து மடித்தாள். நேற்றும் அதையே விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அனுப்பவா என்று கேட்டேன், அதை மடியில் வைத்துக்கொண்டாள். பெனடிக்ட் இன்னும் வரவில்லை. போனில் மட்டும் சுகம் என்கிறான். அவனுக்கும் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இப்போது பஸ் நிறுத்தத்தில் நடந்ததை எழுதவேண்டும். அதற்குத்தான் உட்கார்ந்தேன்.

பஸ் வர நேரமானது. அனிதா என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “மாமா, ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். அது பொய். பிள்ளையை ஒரு வருடம் மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போ ஆத்தா, நீ வேலையில் நன்றாக ஊன்றிக்கொண்ட பிறகு கூட்டிக்கொண்டு போ என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் என் முகத்தைப் பார்த்து நீ தலையாட்டியிருப்பாய். அத்தனை பேரிடம் அத்தனை கஷ்டப்பட்டுச் சொன்ன பிறகும், அந்த ஒரு நிமிடம் என்னிடம் ஆட்டியிருப்பாய். எனக்கும் உன்னைத் தெரியும். அதனால்தான் பஸ்ஸின் பெயர்ப்பலகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டு நின்றேன். அனிதாகூடச் சிரித்தாளே.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவராதே. கேட்பதற்காக எழுதவில்லை. உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன், அது எனக்குள்ளேயே கிடக்கவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பதினாறாம் தேதி வேலையில் சேர்ந்ததும் முதல் நாள் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வாரம் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதுவேன். பதில் எழுத உனக்கு முடியாவிட்டால், முடியாது என்று எழுது.

மாமா இருதயம்